மாசாய்களுக்கு நாளை இல்லையா? ஒரு சினிமா வசனமும் என் பழைய பதிவும்

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு சின்னப் பதிவு எழுதினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலீஸ் வேலையை முடித்துவிட்டு, தூக்கம் வராமல் 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்தைப் பார்த்த கையோடு எழுதியது. படத்தில் வேட்டைக்காரர் டெனிஸ், நாயகி கேரனிடம் மாசாய்களைப் பற்றிச் சொல்லும் ஒரு வசனம் உண்டு. அதன் சாரம் இதுதான்: மாசாய் ஒருவனைச் சிறையில் அடைத்தால் செத்துப்போவான். அவர்கள் இன்றில் மட்டும் வாழ்பவர்கள், எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பதில்லை. ஒருநாள் வெளியே விடுவார்கள் என்பது அவர்களுக்குப் புரியாது. அடைபட்டதே நிரந்தரம் என்று நினைத்து உயிரை விட்டுவிடுவார்கள்.

நான் அதில் விழுந்துவிட்டேன். "நாம் வீட்டுக் கடன் தவணைக்கும் அப்ரைசலுக்கும் பயந்து பயந்து சாகிறோம், நாளை என்ற நினைப்பே இல்லாத இந்த மனிதர்களைப் பாருங்கள்" என்கிற ரீதியில் உருகி எழுதினேன். இந்த வலைப்பதிவில் அதிகம் பேர் படித்த பதிவுகளில் அதுவும் ஒன்று. போன மாதம் ஆபீசில் மனஅழுத்தம் குறைப்பது பற்றி ஒரு பயிற்சி வகுப்பு. அதில் ஈட்டியோடு நிற்கும் ஒரு மாசாய் இளைஞன் படம் போட்டு, பக்கத்தில் என் வரியை எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருந்தார்கள். கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவன் திரும்பிப் பார்த்து, "அண்ணா, சூப்பர்" என்றான். எனக்கு முகம் சுருங்கிப்போச்சு.

காரணம், இடைப்பட்ட வருஷங்களில் மாசாய்களைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்தேன். நான் உருகி எழுதியதில் அடிப்படையே தப்பு என்று எனக்குத் தெரிந்திருந்தது. சோம்பலில் திருத்தாமல் விட்டிருந்தேன். பழைய பதிவை அழித்துவிடுவது சுலபம். ஆனால் அந்த வசனம் எங்கே பிசகுகிறது, அந்தப் பிசகால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுதிவைப்பதுதான் நியாயம் என்று பட்டது.

புத்தகத்தில் இருப்பது வேறு

சிட்னி போலக் இயக்கிய படம் 1985-இல் வந்தது. மெரில் ஸ்ட்ரீப், ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட 7 ஆஸ்கர் விருதுகள். இதற்கு ஆதாரமான நூல்களில் முக்கியமானது, டேனிஷ் எழுத்தாளர் கேரன் பிளிக்சன் அதே தலைப்பில் 1937-இல் வெளியிட்ட நினைவுநூல். அவர் 1914 முதல் 1931 வரை கென்யாவில், இங்கோங் மலையடிவாரத்தில் காபித் தோட்டம் வைத்திருந்தவர். தோட்டத்தை ஒட்டி ஓடிய ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் மாசாய்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம்.

படம் பார்த்து ரொம்ப நாள் கழித்துத்தான் புத்தகத்தைப் படித்தேன். சிறையில் மாசாய்கள் இறந்துபோவார்கள் என்ற செய்தி அதிலும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் தாங்கமாட்டார்கள், அதனால் அவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது, அபராதம்தான் என்கிறார் பிளிக்சன். ஆனால் அவர் சொல்லும் காரணம் முற்றிலும் வேறு. மாசாய்கள் யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை, நுகத்தடியின் கீழ் அவர்களால் உயிர்வாழ முடியாது என்பதுதான் அவர் வாதம். எதிர்காலம் புரியாது என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லை. தன்மானத்தைப் பற்றி அவர் சொன்னதை, திரைக்கதை அறிவுக் குறைவைப் பற்றிய செய்தியாக மாற்றிவிட்டது. மாற்றிய பிறகு அதன்மேல் ஜான் பேரியின் இசையையும் பரந்த புல்வெளியையும் போர்த்திவிட்டால், நமக்கு அது குறையாகத் தெரியாது, ஞானமாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பிளிக்சனின் பார்வையிலும் கோளாறு உண்டு. மாசாய்களை அவர் சிங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர். அழிந்துகொண்டிருக்கும் ஒரு பிரபுக் குலமாக அவர்களை ரசிப்பவர். ஆனாலும் அவர் கண்ணில் பட்ட ஒரு விஷயம் படத்தில் வரவேயில்லை. மாசாய்களைப் பழைய இடத்திலிருந்து கிளப்பிப் புது இடத்துக்கு அனுப்பியபோது, பழைய மலைகள், ஆறுகள், சமவெளிகளின் பெயர்களையும் எடுத்துவந்து புது இடத்தின் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் சூட்டிவிட்டார்கள் என்று எழுதுகிறார். கடந்தகாலத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் முயற்சியாக அவர் இதைப் பார்க்கிறார். சரிதான். ஆனால் புது ஊரில் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்கள் தெரியவேண்டும் என்று நினைக்காதவன் எதற்கு ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு போகிறான்?

முப்பது வருஷம் கழித்து வரும் பொறுப்பு

எதிர்காலம் என்றால் என்னவென்று தெரியாத சமூகமா இது? மாசாய் ஆண்களின் வாழ்க்கையைக் கட்டிவைத்திருக்கும் வயதுக்குழு முறையைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

மாசாய் மொழியில் ஒரு வயதுக்குழுவுக்கு 'ஓலாஜி' என்று பெயர். ஏறக்குறைய 15 வருஷத்துக்கு ஒரு புதுக் குழு தொடங்கும். அந்தக் கால அளவுக்குள் விருத்தசேதனம் செய்துகொள்ளும் எல்லா இளைஞர்களும் அதில் சேர்வார்கள். முதலில் சேர்பவர்கள் 'வலக்கை'ப் பிரிவு, பின்னால் சேர்பவர்கள் 'இடக்கை'ப் பிரிவு. பிறகு ரெண்டும் ஒன்றாகிப் பொதுவாக ஒரு பெயர் பெறும். அந்தப் பெயர் சாகும்வரை மாறாது. முழுக் குழுவும் சேர்ந்தேதான் படியேறும்: மொரான் எனப்படும் இளம் வீரர்கள், பிறகு இளம் மூப்பர்கள், பிறகு முழு மூப்பர்கள்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு. குழுவைத் தொடங்கிவைப்பது 'என்கிபாதா'. மொரான்கள் அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு 'யுனோட்டோ'. அதில் அவர்கள் வருஷக்கணக்கில் வளர்த்துச் செம்மண் பூசிய நீள்முடியைப் பெற்ற தாய்மார்களே மழித்துவிடுவார்கள். வீர வாழ்க்கையை முடித்து மூப்பர் ஆவதற்கு 'ஒல்ங்கெஷேர்'. இந்த மூன்று சடங்குகளையும் யுனெஸ்கோ 2018-இல், அவசரமாகப் பாதுகாக்கவேண்டிய பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இன்னொரு ஏற்பாடு. புதுக் குழுவைத் தொடங்கும்போது, அதற்கு நேர் மூத்த குழு பொறுப்பேற்காது. அதற்கும் முந்தைய குழு, அதாவது ரெண்டு படி மூத்தவர்கள்தான் பொறுப்பேற்பார்கள். அவர்கள் கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கி இளையவர்களின் குழுவைத் தொடங்கிவைப்பார்கள். இந்த உறவுக்கே தீக்கடைகோலின் பெயர்தான்: 'ஒல்பிரோன்'. அந்த இளைஞர்களைக் கண்டிப்பது, வழிநடத்துவது, சபிப்பது, வாழ்த்துவது எல்லாம் இவர்கள் கையில். நேர் மூத்த குழுவுக்கும் இளையவர்களுக்கும் எப்போதும் ஒரு போட்டி இருக்கும். பதவியை விட்டு இறங்க மனமில்லாத அண்ணன்களும், ஏறத் துடிக்கிற தம்பிகளும். அதனால்தான் தீ மூட்டும் பொறுப்பை ஒரு படி தள்ளி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது வயதில் மொரான் ஆகும் ஒருவனுக்கு, முப்பது வருஷம் கழித்து, தான் ஐம்பதை ஒட்டிய வயதில் இருக்கும்போது, எந்தக் குழுவுக்குத் தீ மூட்டவேண்டும் என்பது இன்றைக்கே தெரியும். அந்தக் குழுவில் சேரப்போகும் பையன்கள் இன்னும் பிறக்கக்கூட இல்லை. நான் வேலை பார்க்கும் துறையில் மூன்று வருஷத் திட்டம் போட்டாலே பெரிய தொலைநோக்கு என்று கைதட்டுவார்கள்.

இதை வைத்துக்கொண்டு அந்தச் சிறை வசனத்தைத் திரும்பக் கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது. இது என் ஊகம்தான்: மொரானாக இருக்கும் ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டால், அவனுக்கு நாளை என்ன நடக்கும் என்பது நன்றாகவே தெரியும். தன் கூட்டாளிகள் யுனோட்டோவுக்குக் கூடுவார்கள், அம்மாக்கள் தலை மழிப்பார்கள், குழு மேலே போகும், தான் மட்டும் அங்கே இருக்கமாட்டோம். மொரான்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதே வழக்கமில்லை. பால் குடிப்பதென்றாலும் குழுவில் ஒருவனாவது பக்கத்தில் இருக்கவேண்டும். அப்படி வளர்ந்தவன் சிறையில் நொறுங்கிப்போனால், அதற்குக் காரணம் நாளையைப் பற்றிய அறியாமை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மாட்டுக் கணக்கு

அடுத்தது மாடு. மாசாய்களைப் பற்றி வெளியாட்கள் சொல்லும் இன்னொரு பழைய குற்றச்சாட்டு, தேவைக்கு மேல் மாடு வளர்க்கிறார்கள் என்பது. பெருமைக்காக மந்தையைப் பெருக்குகிறார்கள், புல் தீர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை என்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1926-இல் கிழக்கு ஆப்பிரிக்க மக்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் 'மாட்டுக் கூட்டுப்பண்பு' என்ற கருத்தை வைத்தார். மாடு அந்தச் சமூகங்களின் சடங்கு, மணம், மரியாதை எல்லாவற்றிலும் எப்படிப் பின்னியிருக்கிறது என்று காட்டவந்த கருத்து அது. பின்னால் வந்த அதிகாரிகளின் வாயில் அது 'மாட்டுப் பைத்தியம்' என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது.

உண்மையில் அங்கே நடப்பது வறட்சிக்கான கணக்கு. எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்திடம் 12 மாடு, இன்னொரு குடும்பத்திடம் 60 மாடு என்று வையுங்கள். பெரிய வறட்சியில் மூன்றில் ரெண்டு பங்கு செத்துப்போனால் முதல் குடும்பத்துக்கு 4 மிஞ்சும், ரெண்டாவது குடும்பத்துக்கு 20. ஒரு பசு நல்ல காலத்திலேயே வருஷத்துக்கு ஒரு கன்றுதான் போடும். காய்ந்த பூமியில் அதுவும் நிச்சயமில்லை. நாலு மாட்டை வைத்துக்கொண்டு மறுபடி எழுந்து நிற்க எத்தனை வருஷம் ஆகும்? பெரிய மந்தை ஒரு பேக்கப். சர்வருக்கு நகல் எடுத்துவைப்பவனை யாரும் பேராசைக்காரன் என்று சொல்வதில்லை.

மாட்டை எல்லாம் ஒரே இடத்தில் வைப்பதுமில்லை. தூரத்தில் இருக்கும் நண்பர்கள், சொந்தக்காரர்களின் மந்தைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவைப்பார்கள். ஓரிடத்தில் மழை பொய்த்தாலோ நோய் வந்தாலோ மற்ற இடத்தில் மிஞ்சும். 'ஒசோதுவா' என்று ஓர் உறவுமுறையும் உண்டு. அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் தொப்புள்கொடி. ஒசோதுவா உறவில் இருப்பவர் கஷ்டம் என்று வந்து கேட்டால், கையில் இருப்பதைப் பொறுத்துக் கொடுக்கவேண்டும். அதைக் கடனாக எழுதிவைத்துத் திருப்பிக் கேட்கக்கூடாது. கேட்பவரும் தேவைக்கு மேல் கேட்கக்கூடாது. ஒருமுறை ஏற்பட்டால் இந்த உறவு பிள்ளைகளுக்கும் தொடரும். காகிதமே இல்லாத ஒரு காப்பீட்டுத் திட்டம். நாளைக்கு நமக்கும் கஷ்டம் வரலாம் என்று நினைக்காத சமூகத்தில் இது எப்படி முளைத்திருக்கும்?

மேய்ச்சலும் இப்படித்தான். மழைக்காலத்தில், தற்காலிகமாகத் தண்ணீர் தேங்கும் திறந்த சமவெளிகளுக்குப் போவார்கள். வற்றாத நீர் உள்ள மேட்டு நிலத்தைக் கோடைக்கு மிச்சம் வைப்பார்கள். குடியிருப்புக்குப் பக்கத்தில் கன்றுகளுக்கும் நோஞ்சான் மாடுகளுக்கும் என்று தனியாகப் புல் ஒதுக்குவதும் உண்டு. 'ஒலோகெரி' என்றும் சில இடங்களில் 'ஒலொபொலொலி' என்றும் அதற்குப் பெயர். மற்ற மாடுகள் அதற்குள் நுழையக்கூடாது. பக்கத்தில் பட்டினி நின்றாலும் அந்தப் புல் அடுத்த மாதத்துக்கு. செரங்கெட்டியில் காட்டுமான் வகையான வில்டபீஸ்ட் கன்று போடும் பருவத்தில் மாசாய்கள் மாட்டை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். கன்றுகளிடமிருந்து மாடுகளுக்குத் தொற்றும் ஒரு வகைக் காய்ச்சல் மாட்டைக் கொன்றுவிடும். அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று ஆய்வகம் கண்டுபிடிப்பதற்கு முன்பே, எந்த மாதத்தில் எங்கிருந்து விலகவேண்டும் என்று மேய்ப்பவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

1904: ஒப்பந்தத்தில் ஒரு வரி

இதெல்லாம் மானிடவியல் நூல்களில் இருக்கிற விஷயம், வாதத்துக்கு எப்படியும் வளைக்கலாம் என்று யாராவது சொல்லலாம். காகிதத்தில் இருக்கும் ஓர் ஆதாரத்துக்கு வருகிறேன்.

1880-கள், 90-களில் மாசாய்களுக்குப் பேரழிவு. மாடுகளுக்கு நுரையீரல் நோய், அதன்பின் வெக்கை நோய், மனிதர்களுக்குப் பெரியம்மை, கூடவே வறட்சி. அந்தக் காலத்தை 'எமுதாய்' என்கிறார்கள், துடைத்தழித்தல் என்று பொருள். 1890-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் பயணம் போன ஆஸ்கார் பவுமன் என்ற ஆஸ்திரியர், மூன்றில் ரெண்டு பங்கு மாசாய்கள் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார். எலும்பும் தோலுமாக மிஞ்சியவர்கள் பக்கத்துச் சமூகங்களிடம் அடைக்கலம் தேடினார்கள். பிரிட்டிஷ் படையோடு சேர்ந்து மற்றவர்களைத் தாக்கி, பங்காகக் கிடைத்த மாடுகளைக் கொண்டு மந்தையை மீட்டவர்களும் உண்டு. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போடப்பட்டதும், பாதையை ஒட்டிய பிளவுப் பள்ளத்தாக்கு நிலம் வெள்ளைக் குடியேறிகளுக்குத் தேவைப்பட்டது. அது மாசாய்களின் நல்ல மேய்ச்சல் நிலம்.

1904 ஆகஸ்டில் ஓர் ஒப்பந்தம். மாசாய்கள் நைவாஷா பக்கத்துப் பள்ளத்தாக்கை விட்டு, வடக்கே லைக்கிப்பியா, தெற்கே இன்னொரு பகுதி என ரெண்டு ஒதுக்கிடங்களுக்குப் போகவேண்டும். ரெண்டையும் இணைக்க அரை மைல் அகலத்தில் ஒரு பாதை. இந்த ஏற்பாடு மாசாய் இனம் இருக்கும் காலம்வரை செல்லும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

அதில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. இடம்பெயர்ந்த பிறகும், கினாங்கோப் மலைச்சரிவில் குறைந்தது 5 சதுர மைல் நிலம் மாசாய்கள் கையிலேயே இருக்கவேண்டும்; விருத்தசேதனச் சடங்குகளை நடத்துவதற்காக. இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேரழிவிலிருந்து அப்போதுதான் எழுந்திருக்கும் மக்கள், ஒரு சாம்ராஜ்யத்தோடு பேரம் பேசும்போது, அடுத்த வயதுக்குழுவும் அதற்கடுத்த வயதுக்குழுவும் எங்கே தொடங்கும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

'இனம் இருக்கும்வரை' என்ற அந்த வாக்கு ஏழு வருஷம்கூட நிலைக்கவில்லை. லைக்கிப்பியாவும் குடியேறிகளுக்கு வேண்டியிருந்தது. 1911 மார்ச்சில் ஆன்மிகத் தலைவர் லெனானா இறந்தார். ஏப்ரலில் புது ஒப்பந்தம். வடக்கே இருந்த எல்லாரும் தெற்கே போகவேண்டும். எதிர்த்து நின்ற முக்கியமானவர் ஓலே கிலிஷோ. அவருக்கு அந்தத் தகுதி வந்ததே, தன் வயதுக்குழுவான இல்-தலாலாவின் செய்தித் தொடர்பாளராக இருந்ததால்தான். நெருக்கடியில் 1911-இல் கையெழுத்திட்டாலும், பிறகு மாசாய்கள் வக்கீல் வைத்து வழக்குத் தொடுத்தார்கள். 1913-இல் வழக்கு தள்ளுபடி. நீதிமன்றம் சொன்ன காரணம் விசித்திரமானது: மாசாய்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லர், அவர்கள் ஒரு தனி அரசுபோல; ரெண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கையை உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியாது. நிலத்தைப் பிடுங்கும்வரை ஆளப்படுபவர்கள், நீதி கேட்டு வந்தால் மட்டும் தனி அரசு.

படத்தின் கதை தொடங்குவதும் அதே 1913-இல்தான். நிஜக் கேரன் மொம்பாசாவில் வந்திறங்கியது 1914 ஜனவரியில். அவர் தோட்டத்துக்கு எதிர்க்கரையில் பார்த்த மாசாய் ஒதுக்கிடத்துக்குத்தான் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். நாளைக்கான உத்தரவாதத்தைக் கையெழுத்தாக வாங்கி, அதை மீறியபோது நீதிமன்றம் வரை போன மக்கள். அவர்களைப் பார்த்துத்தான், எதிர்காலமே யோசிக்காதவர்கள் என்று அழகான குரலில் ஒருவர் சொல்கிறார். காலத்தைக் காட்டும் படத்தில் இந்த நிலக் கதைக்கு அரை நிமிஷம்கூட இடமில்லை. என் விமர்சனம் முக்கியமாக இதுதான்.

ஹாலிவுட் மட்டும் சொல்லவில்லை

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தக் கருத்தை வெள்ளைக்காரர்கள் மட்டும் பரப்பவில்லை. கென்யாவைச் சேர்ந்த இறையியலாளர் ஜான் ம்பிட்டி 1969-இல் எழுதிய 'ஆப்பிரிக்க மதங்களும் தத்துவமும்' என்ற நூல், ஆப்பிரிக்க மரபில் நீண்ட கடந்தகாலமும் நிகழ்காலமும் உண்டு, எதிர்காலம் கிட்டத்தட்ட இல்லை என்று வாதிடுகிறது. அதிகபட்சம் ரெண்டு வருஷத்துக்கு அப்பால் நடக்கப்போவதைப் பற்றிய ஈடுபாடு குறைவு, மொழியில் அதற்கு வினைவடிவமும் இல்லை என்கிறார். அவர் ஆராய்ந்தது முக்கியமாகக் கம்பா, கிக்குயு மொழிகளின் வினைச்சொற்களை. கானாவின் தத்துவவாதி குவாமே கியெக்யே போன்றவர்கள் இதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள்.

ம்பிட்டி கேலி செய்ய எழுதியவரல்லர். ஆப்பிரிக்கச் சிந்தனையை மதிப்போடு முன்வைக்க வந்தவர். ஆனால் வினைச்சொல்லின் விகுதியில் எதிர்காலத்தைத் தேடியதில்தான் சிக்கல். தமிழில் "நாளைக்கு ஊருக்குப் போறேன்" என்று நிகழ்கால வினையில்தான் சொல்கிறோம். அதற்காக நமக்கு நாளை இல்லை என்று ஆகிவிடுமா? எதிர்காலம் வினைச்சொல்லில் மட்டும் இருப்பதில்லை. ஒதுக்கிவைத்த புல்லிலும், நண்பன் மந்தையில் விட்டுவைத்த பசுவிலும், முப்பது வருஷம் கழித்து மூட்டவேண்டிய தீயிலும் இருக்கலாம்.

ஒரு வசனத்தால் என்ன கெட்டுப்போய்விடும்?

சினிமா வசனம்தானே, விட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 'நாளையை யோசிக்காதவர்கள்' என்ற எண்ணத்துக்கு நிர்வாகத்தில் ஒரு தொடர்ச்சி உண்டு. நாளையை யோசிக்காதவன் நிலத்தைக் கெடுப்பான். ஆகவே அவன் நிலத்துக்கான நாளையை வேறு யாராவது யோசிக்கவேண்டும்.

ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் அவர் மகனும் எடுத்த 'செரங்கெட்டி சாகக்கூடாது' ஆவணப்படம் 1959-இல் வந்து ஆஸ்கர் வாங்கியது. தேசியப் பூங்காவுக்குள் மனிதர்கள் வசிக்கக்கூடாது, உள்ளூர்க்காரர்கள் உட்பட, என்பது அவர் நிலைப்பாடு. அதே காலகட்டத்தில்தான் மாசாய்கள் செரங்கெட்டியை விட்டு வெளியேற்றப்பட்டு, 1959-இல் ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி உருவானது. அங்கே வனவிலங்கும் மாசாய்களும் சேர்ந்தே இருக்கலாம் என்பது வாக்கு. 2022-இல் ங்கோரோங்கோரோவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ம்சொமெராவுக்கு மாசாய் குடும்பங்களை அனுப்பும் திட்டம் தொடங்கியது. அதே வருஷம் ஜூனில், பக்கத்து லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை வனவிலங்குக் காப்பகமாக எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது போலீசுக்கும் மக்களுக்கும் மோதல். ஆள்வது பிரிட்டிஷாரா, சுதந்திர அரசா என்பது மாறியிருக்கிறது. வாதம் பெரிதாக மாறவில்லை.

அந்தப் படத்தில் டெனிஸ் இன்னொன்றும் சொல்வார்: மாசாய்கள் மட்டும்தான் நம்மைப் பொருட்படுத்துவதில்லை, அதுவே அவர்களை அழித்துவிடும் என்கிற மாதிரி. பொருட்படுத்தாமலா ஒப்பந்தம் போட்டார்கள், வழக்குப் போட்டார்கள்? அவர்கள் நொடிந்தது தங்கள் குணத்தால் என்று சொல்லிவிட்டால், நிலத்தை யார் எடுத்தார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

மறுபக்கம்

இவ்வளவும் சொன்னதால் மாசாய் வாழ்க்கையை இன்னொரு விதத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் எண்ணம் எனக்கில்லை. மேலே நான் எழுதியதில் பாதிக்கு மேல் ஆண்களின் கதை. வீட்டைக் கட்டுவது பெண்கள். குச்சியும் சாணமும் சேர்த்து எழுப்பும் வீடு அவர்கள் பொறுப்பு. பால் கறந்து யாருக்கு எவ்வளவு என்று பகிர்வதும் அவர்கள்தான். ஒவ்வொரு மனைவியின் வீட்டுக்கும் என்று மாடுகள் ஒதுக்கப்பட்டு, அவள் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும். டோரத்தி ஹாட்ஜ்சன் 2001-இல் வெளியிட்ட நூலில், காலனி ஆட்சி ஆண்களை மட்டுமே மாட்டுக்குச் சொந்தக்காரர்களாகவும் வரி கட்டுபவர்களாகவும் பார்த்ததால் பெண்களின் பிடி எப்படித் தளர்ந்தது என்று விளக்குகிறார். ஈட்டி பிடித்த ஆணை மட்டும் காட்டும் கேமராவுக்கும் அந்த ஆட்சிக்கும் பார்வை ஒன்றுதான். நான் பதிவில் எழுதியதும் அந்த ஈட்டிக்காரனைப் பற்றித்தான்.

பெண்பிள்ளைகளுக்குச் செய்யப்பட்ட உறுப்புச் சிதைப்பும் இதே மரபின் பகுதிதான். கென்யா 2011-இல் அதற்கெதிராகத் தனிச் சட்டம் போட்டது. அந்த வழக்கத்தை எதிர்த்து மாசாய் பெண்களே வேலை செய்கிறார்கள்; வெட்டு இல்லாமல் பூப்புச் சடங்கை மட்டும் நடத்தும் மாற்று முறைகளையும் கொண்டுவந்திருக்கிறார்கள். நாளை எப்படி இருக்கவேண்டும் என்று மாசாய்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. அது உயிரோடு இருக்கும் எந்தச் சமூகத்திலும் நடப்பதுதான்.

படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த அதே 1986-இல், தெப்பிலித் ஓலே சைதோத்தி என்ற தான்சானிய மாசாய், தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம் வெளிவந்தது. மொரானாக இருந்து, அமெரிக்கா போய்ப் படித்தவர். நான் படம் பார்த்த ராத்திரியில் அந்தப் புத்தகத்தின் பெயரே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேடவுமில்லை. ஒரு வரி வசனம் எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்ட ஆறுதலைக் கொடுத்தது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பழைய பதிவை எடுக்கவில்லை. அதன் தலையில் ஒரு குறிப்புப் போட்டு இந்தப் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். ஆபீசில் அந்தத் தம்பியிடமும் பேசினேன். "அப்போ ஸ்லைடில் என்ன போடறதுண்ணா?" என்று கேட்டான். கினாங்கோப்பின் 5 சதுர மைல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது மனஅழுத்தம் குறைக்கிற வகுப்புக்கு ஆகாதுண்ணா" என்றான். அது வாஸ்தவம்தான். அந்த ஸ்லைடை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.